மருந்தின் விலை எங்கே பிறக்கிறது?

கல்லீரலை அரிக்கும் 'ஹெப்படைட்டிஸ் சி' நோய்க்குச் சோஃபோஸ்புவிர் என்னும் மருந்து 2013-இன் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர்! அவ்வாண்டு தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி. மூன்று மாதச் சம்பளமும் ஒரு மாத்திரைக்குப் போதாது.

மருந்தைச் செய்ய அவ்வளவு செலவாகிறதா? இல்லை. விலைக்குக் காரணம் காப்புரிமை, அதாவது பேட்டண்ட். உரிமை பெற்ற நிறுவனத்தைத் தவிர வேறெவரும் குறித்த காலம் வரை அம்மருந்தைச் செய்யவோ விற்கவோ கூடாது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் நோய் அதுவரை காத்திருக்குமா?

சட்டம் ஒரு வாயிலையும் வைத்திருக்கிறது. மலேசியாவின் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 84-ஆம் பிரிவின்படி, பொதுநலன் கருதி அரசாங்கம் உரிமையாளரின் சம்மதமின்றியே மருந்தைத் தருவிக்கலாம். அவருக்குத் தக்க ஈட்டுத்தொகை மட்டும் கொடுக்கவேண்டும். எச்.ஐ.வி. மருந்துகளுக்காக 2003-இல் இவ்வாயில் திறந்தது; இந்தியாவிலிருந்து மலிவான மருந்துகள் வந்தன. சோஃபோஸ்புவிருக்காக 2017 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. எகிப்தில் செய்யப்பட்ட அதே மருந்து வந்தபோது, சிகிச்சைச் செலவு ஏறத்தாழ 300 டாலரில் அடங்கிற்று. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகள் அதை நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கலாயின.