ஒரு தூண் போனால்

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் இன்று கண்ணில் படுவதெல்லாம் ஃபைபர் படகுகள்தான். அதற்கு முன் இந்தக் கரையில் ஓடிய கட்டுமரத்துக்குக் கயிற்றுக் கட்டுதான் உயிர். அலை மோதினால் மரங்கள் சற்று அசைந்து கொடுக்கும், கட்டு விடாது. மரத்தால் மாடி எழுப்பும் பொறியாளருக்கும் இதே கவலைதான்: மரம் தாங்கும், இணைப்பு தாங்குமா?

இன்றைய மரக் கட்டடத்துக்குப் பெருமரம் தேவையில்லை. பலகைகளை அடுக்கிப் பசையிட்டு அழுத்தினால் உத்தரம். அடுக்குக்கு அடுக்கு திசைமாற்றி ஒட்டினால் சுவரும் தளமும். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023-இல் திறந்த ஆறு மாடிக் ‘கையா’ பெரும்பாலும் இப்படி எழுந்ததுதான்.

எந்த மாடிக் கட்டடத்திலும், ஒரு தூணோ சுவரோ போனால் மற்றவை என்ன செய்யும்? இந்தக் கேள்வியை 1968 மே 16 அன்று லண்டனின் ரோனன் பாயின்ட் எழுப்பியது. 22 மாடிக் கான்கிரீட் பலகக் கட்டடம். 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்துச் சுவர் பறக்க, ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. அன்றுமுதல் பல நாடுகளின் விதிகள், பலகங்களை இறுகப் பிணைக்கச் சொல்கின்றன.

மரத்தில் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. 2006 ஜனவரி 2, ஜெர்மனியின் பாட் ரைஹென்ஹால் பனிச்சறுக்கு அரங்கில் ஓர் உத்தரம் தளர்ந்தது. விறைப்பான குறுக்குச் சட்டங்கள் அதன் பாரத்தைப் பக்கத்து உத்தரங்களின் தலையில் ஏற்ற, கூரை முழுவதும் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்றாண்டுக்கு முன் டென்மார்க்கின் பாலரூப் அரங்கில் 12 பெருஞ்சட்டகங்களில் இரண்டு விழுந்தன, பத்து நின்றன. இடையிலிருந்த சட்டங்கள் அளவாகப் பிணைக்கப்பட்டிருந்ததால், விழுந்தவை மற்றவற்றை இழுக்கவில்லை. அகலக் கூரைக்கு இந்த ‘விட்டுவிடும்’ வழி எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

ஆட்கள் குடியிருக்கும் மாடிக்கு அது ஆகாது. அங்கே கணக்கில் ஒரு தூணை நீக்கி, மேல்தளம் தொங்கியாவது நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். மரம் இழுபட்டால் சொல்லாமல் முறியும். எஃகோ நீண்டு வளையும். அதனால் வளையும் வேலை இணைப்பிலுள்ள எஃகுக்கு. தடித்த போல்ட் மரத்தை நார்வாக்கில் பிளந்துவிடும். மெல்லியவை பல இருந்தால், மரம் பிளக்குமுன் அவை வளையும்.

எண்ணூர் போன்ற கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. ரைஹென்ஹாலில் ஈரத்தைத் தாங்காத யூரியாப் பசையும் ஒரு காரணம். உப்புக் காற்றில் சாதாரண ஸ்க்ரூ துருப்பிடிக்கும். இங்கே கட்டுவதானால் ஈரம் தாங்கும் பசையும் துருப்பிடிக்காத எஃகும் முதல் செலவு.