விதை பொய்த்தால் இழப்பீடு: ரசீதும் பையும்தான் சாட்சி

விதை சரியாக முளைக்கவில்லை. அல்லது முளைத்த பயிரில் வேறு ரகம் கலந்து நிற்கிறது. கடைக்காரரைக் கேட்டால் தண்ணீர் பற்றவில்லை, மருந்து சரியில்லை என்று பழி விவசாயி மேலேயே திரும்பும். இந்த நிலையில் நஷ்டத்துக்கு எங்கே முறையிடுவது?

விதைச் சட்டம் 1966இல் வந்தது. முளைப்புத்திறன், தூய்மை குறைந்த விதையை விற்றால் முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வகுத்த அபராதம் 500 ரூபாய் வரை. அதுவும் அரசுக்குத்தான் போகும். விவசாயிக்கு இழப்பீடு கிடைக்க அதில் வழியில்லை. இழப்பீட்டுக்கான இடம் நுகர்வோர் ஆணையம்.

இதைத் தெளிவாக்கியது, ஆந்திர விவசாயிகளுக்கு எதிராக தேசிய விதைக் கழகம் நடத்திய வழக்கு. விதை தரமற்றது என்று மாவட்ட அளவில் விவசாயிகள் வென்றார்கள். கழகம் மேல்முறையீடு செய்து கொண்டே உச்ச நீதிமன்றம் வரை போனது. விதைப் பிரச்சினைக்கு விதைச் சட்டம் இருக்கும்போது நுகர்வோர் மன்றம் விசாரிக்கக் கூடாது, விதையை ஆய்வகத்துக்கு அனுப்பவே இல்லை என்பவை அதன் வாதங்களில் முக்கியமானவை.

2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. விவசாயியும் நுகர்வோர்தான். வாங்கிய விதை முழுவதையும் அவர் விதைத்துவிடுவார். வழக்கு வரும் என்று மாதிரி எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது. அதே குவியல் விதை நிறுவனத்திடம் இருந்தால், அதைப் பரிசோதனைக்குத் தரும்படி நிறுவனமே கேட்டிருக்கலாம் என்றது நீதிமன்றம்.

இதை வைத்து, வழக்குப் போட்டாலே வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. 2005இல் ஹரியானா மாநில விதை மேம்பாட்டுக் கழகம் தொடர்பான வழக்கில், பயிர் சரியில்லாததற்கு விதைதான் காரணம் என்று வயல் ஆய்வறிக்கை காட்டவில்லை. தீர்ப்பு விவசாயிக்கு எதிராகப் போனது. ஆகவே வழக்கின் உயிர் அறிக்கையில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை:

* விதை வாங்கும்போது ரகம், குவியல் எண், காலாவதி தேதி எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

* காலிப் பையையும் அதில் தைத்த அட்டையையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். சான்று விதை என்றால் அட்டை நீல நிறம். உண்மைநிலை விதை என்றால் பச்சை. பையில் ஒரு பிடி விதையை மிச்சம் வைத்தால் இன்னும் நல்லது.

* குறை தெரிந்த உடனே விதை ஆய்வாளருக்கும் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புதல் பெறுங்கள். வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானியும் நிறுவனப் பிரதிநிதியும் உடனிருக்க வயலாய்வு கேளுங்கள். ஆய்வு முடியும் வரை பயிரை மடக்கி உழாதீர்கள்.

* அறிக்கையில், பக்கத்து வயலில் வேறு குவியல் விதை எப்படி வந்திருக்கிறது, பூச்சி, நோய், நீர்க் குறைவு இருந்ததா என்பவை பதிவாக வேண்டும். 'விளைச்சல் குறைவு' என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்காது. களப் பணியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். விதைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். ஆனால் வயல் அத்தனை நாள் காத்திருக்காது. மனு அந்த வாரமே போக வேண்டும்.