முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை: வீடு திரும்பிய பிறகு



முழங்கால் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" என்பதைத்தான். கூட வந்திருக்கும் உம்மா கேட்பது வேறு: "ஆபரேஷன் முடிஞ்சா பழையபடி தரையில உட்கார்ந்து தொழ முடியுமா?" இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் ஆபரேஷனுக்குப் போய், பிறகு மனம் உடைந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, இந்தச் சிகிச்சை எதைத் தரும், எதைத் தராது, வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

மாறுவது எது, மாறாதது எது?

முழங்காலில் தொடை எலும்பும் கணுக்கால் வரை செல்லும் எலும்பும் சேரும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. வயதாலும், உடல் எடையாலும், பழைய அடிகளாலும் அது தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும்போதுதான் தாங்க முடியாத வலி வருகிறது. மருத்துவர் தேய்ந்த மேற்பரப்பை மட்டும் சீவி எடுத்துவிட்டு, மேலே ஓர் உலோக உறையும், கீழே ஓர் உலோகத் தட்டும், நடுவில் உறுதியான பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்.

உரசும் பரப்பு மட்டுமே புதியது. காலை இயக்கும் தசை பழைய தசைதான். பல ஆண்டுகள் வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்ததால் அது இளைத்துப் போயிருக்கும். அதைத் திரும்ப வலுவாக்குவது கத்தியால் ஆகாது, பயிற்சியால்தான் ஆகும். ஆபரேஷன் பாதி வேலை. மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது.

பலன் எப்படி இருக்கிறது?

ஸ்வீடன் நாடு 1975 முதல் முழங்கால் மாற்று சிகிச்சைகளைப் பதிவேட்டில் குறித்து வருகிறது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அவ்வாறே செய்கின்றன. இத்தகைய பதிவேடுகளை வைத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முழு மூட்டும் மாற்றிய 100 முழங்கால்களில் ஏறத்தாழ 82, 25 ஆண்டுகள் வரை மறு ஆபரேஷன் இல்லாமல் நீடிக்கின்றன. "பத்து வருஷத்துல மறுபடியும் மாத்தணுமாமே" என்ற பயம் பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

ஆனால் மூட்டு நீடிப்பது வேறு, நோயாளி மனநிறைவு அடைவது வேறு. பத்துப் பேரில் சுமார் எட்டுப் பேர் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். மீதி இருவருக்கு வலியோ இறுக்கமோ ஏமாற்றமோ ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. தேய்மானம் அதிகமாகும் முன்பே அவசரப்பட்டுச் செய்தவர்களும், முதுகுவலி போன்ற வேறு வலிகள் உள்ளவர்களும், அளவுக்கு மீறி எதிர்பார்த்தவர்களும் இவர்களில் அதிகம். ஆகவே எக்ஸ்ரே படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எடை குறைத்தல், தசைப் பயிற்சி, மாத்திரை எல்லாம் முயன்ற பிறகும் இரவில் தூக்கம் கெடுகிறது, கடைக்குக்கூட நடக்க முடியவில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம்.

இனி, உம்மாவின் கேள்வி

நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 90 டிகிரியும், நாற்காலியிலிருந்து எழ அதைவிடச் சற்று அதிகமும் வேண்டும். மாற்றிய மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 டிகிரி வரை மடங்கும். ஆனால் தொழுகையின் இருப்பில் காலை மடித்து அதன் மேல் உட்கார 140 டிகிரியாவது வேண்டும்.

எனவே நேரான பதில் இதுதான்: நடை, படி, கடைத்தெரு, கல்யாண வீடு எல்லாம் இன்ஷா அல்லாஹ் திரும்பக் கிடைக்கும். தரையில் கால் மடித்து உட்காருவது பெரும்பாலோருக்குக் கிடைக்காது. காயம் நன்றாக ஆறி, சில மாதங்கள் கழித்து, மருத்துவர் அனுமதித்தால் தடித்த மெத்தை விரிப்பில் முட்டி போடச் சிலரால் முடிகிறது. பலருக்குத் தழும்பின் ஓரம் மரத்துப் போவதால் அது சங்கடமாகவே இருக்கும்.

இதில் குற்ற உணர்வு கொள்ள ஏதுமில்லை. இயலாதவருக்கு உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. நிற்க முடிந்தவர் எந்த அளவு நின்று தொழுவது, கட்டுப் போட்ட காலுக்கு ஒளூ எப்படி என்பதை உங்கள் பள்ளி இமாமிடம் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உறுதியான, சக்கரம் இல்லாத, முழங்கால் உயரத்துக்குக் குறையாத நாற்காலி ஒன்றைத் தொழுகைக்கு என்றே ஒதுக்குங்கள். ஒற்றைக் காலில் நின்று மறு காலைத் தூக்கிக் கழுவும் பழக்கத்தை விட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஒளூ செய்யட்டும்.

அன்பே இடைஞ்சலாகும் இடம்

வீடு திரும்பியதும் பிள்ளைகள் உம்மாவைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, "அசையாதீங்க" என்கிறார்கள். பாசம்தான். ஆனால் தலையணை மேலேயே இருக்கும் முழங்கால் வளைந்தபடி இறுகி, பிறகு முழுவதும் நீளாது. நீளாத கால் நொண்டும். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

ஆபரேஷன் செய்த அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பது இப்போது வழக்கம். வீட்டிலும் அது தொடர வேண்டும். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலைக் கட்டிலில் அழுத்தி ஐந்து வினாடி பிடிப்பது, குதிகாலை இழுத்து மடக்குவது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மடக்குவது ஆகியவற்றை பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவில் தினமும் மூன்று வேளை செய்ய வேண்டும். வலிக்கும். மருத்துவர் தந்த வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பு கொடுத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கலாம். ஆறு வாரமாகியும் 90 டிகிரி மடங்காவிட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் சரிசெய்வது எளிது.

வீக்கமும் சூடும் சில மாதங்கள் இருப்பது இயல்பு. முழுப் பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம்.

காத்திருக்கக் கூடாதவை

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். காயத்தில் சீழ், பரவும் சிவப்பு, விடாத காய்ச்சல் இருந்தால் கிருமித்தொற்று. எதுவானாலும் இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தொற்று ஆபத்து கூடுதல். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சொத்தைப் பல், கால் புண், சிறுநீர்த் தொற்று இருந்தால் குணப்படுத்திக்கொள்ள வேண்டும்.

செலவுக் கணக்கு

மூட்டு உபகரணங்களின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. ஆகவே பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், கடன் வாங்கும் முன் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

பலர் கணக்கில் விட்டுவிடுவது ஆபரேஷனுக்குப் பிந்தைய செலவை: பிசியோதெரபி, வாக்கர், மேற்கத்திய கழிப்பறை, குளியலறைக் கைப்பிடி. உதவி கேட்டு விண்ணப்பிக்கும்போது இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். இவை இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குக் கொடுத்த பணத்தின் பலன் பாதிதான் கிடைக்கும்.

தேதி குறிக்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள்: முதல் மூன்று மாதம், தினமும் மூன்று வேளை, உம்மாவின் பக்கத்தில் இருந்து பயிற்சி செய்ய வைப்பது யார்? மகனா, மகளா, மருமகளா, பேரப்பிள்ளையா? அந்தப் பெயர் முடிவான பிறகு மருத்துவமனைக்குப் போங்கள்.