பழைய பின்சக்கர இயக்கக் கார்கள்: கட்டுப்பாட்டை மேம்படுத்துவது எங்கிருந்து தொடங்குகிறது?

இத்தாலியின் சிசிலித் தீவுத் தலைநகரான பலெர்மோவின் பழைய நகரப் பகுதியை ஊடறுத்துச் செல்கிறது வியா மக்வேதா வீதி. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில், 1600ஆம் ஆண்டளவில், அப்போதைய அரசப் பிரதிநிதியான மக்வேதா கோமகனின் பெயரால் இது அமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கார்களால் நெரிசலுற்றிருந்த இந்த வீதியின் முக்கியப் பகுதி, 2010களில் பாதசாரிகளுக்கென ஒதுக்கப்பட்டது. இதைச் சூழ்ந்த பழைய நகரத்தில்தான் இலங்கைத் தமிழர்கள் பலர் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர்.

அந்த நெரிசல் காலத்தில் இத்தாலிய வீதிகளில் ஓடிய ஃபியட் 500, ஃபியட் 600, ஃபியட் 1100, ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஆகிய கார்கள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இயந்திரத்தின் ஆற்றல் பின்சக்கரங்களுக்கே சென்றது.

இவற்றுள் ஃபியட் 1100 தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்நியமானதல்ல. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் 1964 முதல் 'ஃபியட் 1100 டிலைட்' என்ற பெயரிலும், 1970களில் 'பிரீமியர் பத்மினி' என்ற பெயரிலும் தயாரித்த கார் இதுவே. இத்தாலியில் 1969இல் நின்றுபோன இதன் உற்பத்தி, இந்தியாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. தமிழ்நாட்டின் அம்பாசிடர்களும், 1990களின் எரிபொருள் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்தின் ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்களும் இதே வகையைச் சேர்ந்தவை.

இத்தகைய கார்களை இன்றும் பேணுவோர் பல நாடுகளில் உள்ளனர். இன்றைய வேகமான போக்குவரத்துக்கு நடுவே இவற்றை எவ்வாறு கூடுதல் கட்டுப்பாட்டுடன் ஓட்டுவது என்பது அவர்கள் முன் உள்ள கேள்வி. புதிய உதிரிகளை வாங்கிப் பொருத்துவதே விடை எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை தவறினால், காரின் ஆபத்து குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும்.

பின்சக்கர இயக்கத்தின் இயல்பு

ஒரு டயர் தரையைப் பற்றும் திறனுக்கு எல்லை உண்டு. வேகம் கூட்டுவது, வேகம் குறைப்பது, வளைவில் திரும்புவது ஆகிய மூன்று வேலைகளும் அந்த ஒரே இருப்பிலிருந்துதான் செலவாகின்றன. முன்சக்கர இயக்கக் காரில் முன்டயர்களே இழுக்கவும் திரும்பவும் வேண்டியுள்ளது. பின்சக்கர இயக்கக் காரில் வேலை பகிர்ந்துகொள்ளப்படுகிறது. முன்டயர்கள் திரும்ப, பின்டயர்கள் தள்ளுகின்றன.

இதனால் நன்மைகள் உண்டு. ஸ்டீயரிங்கில் இயந்திரத்தின் இழுப்பு உணரப்படுவதில்லை. மேட்டில் ஏறும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால், தள்ளும் சக்கரங்களுக்குக் கூடுதல் பிடிமானம் கிடைக்கிறது.

தீமை ஈரமான வளைவில் வெளிப்படுகிறது. ஆக்சிலரேட்டரை அதிகம் அழுத்தினால் பின்டயர்கள் தமது எல்லையைத் தாண்டுகின்றன. காரின் பின்புறம் வளைவுக்கு வெளியே வீசப்படுகிறது. அச்சத்தில் ஓட்டுநர் திடீரெனப் பிரேக்கை மிதித்தால் எடை முன்னே பாய்ந்து, ஏற்கெனவே தடுமாறும் பின்சக்கரங்கள் மேலும் இலேசாகின்றன. ஃபியட் 500 போல இயந்திரமே பின்னால் உள்ள கார்களில் இந்த வீச்சு இன்னும் கடுமையானது.

பலெர்மோவின் பழைய வீதிகளில் பாவப்பட்டுள்ள கற்பலகைகள் ஆண்டுக்கணக்கான போக்குவரத்தில் வழவழப்பாகியுள்ளன. மழை பெய்தால் அவை மேலும் வழுக்கும். நீண்ட வெயிலுக்குப் பின் முதல் மழையில் எண்ணெய்ப் பசையும் தூசியும் கலந்து மிதக்கும் சென்னைச் சாலைகளிலும் நிலைமை இதற்கு ஒப்பானதே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய கார்களில் அது இல்லை. அவற்றில் ஓட்டுநரின் நிதானத்தையும் காரின் இயந்திர நிலையையும் விட்டால் வேறு பாதுகாப்பு இல்லை.

மலைச்சாலை கற்பித்தது

இந்த விடயத்தில் பலெர்மோவுக்குத் தனி வரலாறு உண்டு. அந்நகரின் செல்வக் குடும்பமொன்றைச் சேர்ந்த வின்சென்சோ ஃபுளோரியோ 1906இல் தொடங்கிய 'தார்கா ஃபுளோரியோ' கார்ப் பந்தயம், நகருக்குக் கிழக்கே மதோனி மலைகளின் பொதுச் சாலைகளில் நடந்தது. பிற்காலத்தில் ஒரு சுற்றின் நீளம் 72 கிலோமீட்டர். குறுகிய வளைவுகளும் கரடுமுரடான தளமும் கொண்ட அந்தச் சாலையில், வெறும் இயந்திர ஆற்றல் வெற்றியைத் தரவில்லை.

1952இல் அங்கு வென்றது லான்சியா ஔரேலியா. பின்சக்கரங்களால் இயங்கிய அந்தக் காரில் கியர்பெட்டி இயந்திரத்துடன் இணைக்கப்படாமல், பின்பக்கம் டிஃபரன்ஷியலோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் எடை சமமாகப் பகிரப்படுவதற்கு அது உதவியது.

பலெர்மோவின் பள்ளி ஆசிரியரான நீனோ வக்காரெல்லா 1965, 1971, 1975 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை இந்தப் பந்தயத்தை வென்றார். சாலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்திருந்தது அவருக்குப் பெரும் பலமாக இருந்தது. 1977இல் பார்வையாளர்கள் உயிரிழந்த விபத்தையடுத்து, பழைய வடிவிலான பந்தயம் முடிவுக்கு வந்தது. திறன்மிக்க ஓட்டுநர்கள் கூடிய களத்திலும் பிடிமானத்தின் எல்லை இரக்கமற்றது என்பதை அந்த விபத்து காட்டியது.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரான பட்டறையாக இருந்தது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான அங்கு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் திறக்கப்படும் வரை, தென்னிந்திய மெக்கானிக்குகள் பலர் சாதாரண கார்களைச் சீர்செய்யும் கலையைக் கற்ற இடங்களில் அதுவும் ஒன்று.

முதலில் மீட்பு, பிறகு மாற்றம்

பழைய கார் வளைவில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் அதன் வடிவமைப்பு காரணமல்ல, தேய்மானமே காரணம். ஐம்பது ஆண்டு ஓடிய காரில் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும், கிங்பின்கள் தளர்ந்திருக்கும், ஸ்டீயரிங் பெட்டியில் ஆட்டம் இருக்கும். இந்நிலையில் கடினமான ஸ்பிரிங்கோ பெரிய சக்கரமோ பொருத்துவது, விரிசல் விட்ட சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும்.

சோதனைகள் எளியவை. காரின் ஒரு மூலையைப் பலமாக அழுத்தி விட்டால், அது ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷாக் அப்சார்பர் செயலிழந்துவிட்டது என்று பொருள். முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால், கிங்பின் அல்லது பேரிங்கின் தளர்ச்சி கையில் தெரியும். கிரீஸ் இடப்படும் பழைய கிங்பின்கள், அதைத் தவறவிட்டால் விரைவில் தேய்கின்றன.

பத்மினி, அம்பாசிடர், மொரிஸ் மைனர் ஆகியவற்றின் பின்அச்சைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். காரின் எடையைச் சுமப்பதோடு, அச்சை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் இந்தப் பட்டைகளே. அவற்றின் முனைகளில் உள்ள புஷ்கள் தேய்ந்தால், வளைவில் பின்அச்சு முழுவதும் பக்கவாட்டில் நகர்கிறது. ஓட்டுநர் திருப்பாமலேயே கார் பின்புறத்திலிருந்து திரும்புவது போன்ற உணர்வு அப்போது ஏற்படுகிறது.

சுமை ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை சேர்க்கும் பழக்கம் இந்தியாவில் உண்டு. காரில் ஆள் குறைவாக இருக்கும்போது இவ்வாறு இறுகிய பின்புறம் மேடுபள்ளங்களில் துள்ளுகிறது. சக்கரம் தரையை விட்டு எழும் அந்தக் கணத்தில் பிடிமானம் அறவே இல்லை.

தேய்ந்த பாகங்கள் மாற்றப்பட்ட பின்னரே சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வதில் பயன் உண்டு. தளர்ந்த மூட்டுகளின் மேல் செய்யப்படும் வீல் அலைன்மென்ட் அடுத்த பள்ளத்திலேயே கலைந்துவிடும்.

டயரே அடித்தளம்

செலவோடு ஒப்பிடுகையில் அதிகப் பயன் தருவது நல்ல டயர்கள். அதிகம் ஓடாத பழைய கார்களில் டயரின் மேற்பரப்பு தேயாமல் இருக்கும். ஆனால் ரப்பர் காலத்தால் இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு அது தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. பத்து ஆண்டுகளைக் கடந்த டயர் தோற்றத்தில் புதிதாயினும் மாற்றப்பட வேண்டியதே.

பழைய கார்கள் பல, இழைகள் குறுக்காகப் பின்னப்பட்ட சாதாரண நைலான் டயர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. ரேடியல் டயருக்கு மாறும்போது நான்கையும் ஒருங்கே மாற்றுவதே பாதுகாப்பானது. முன்னே ரேடியலும் பின்னே சாதாரண டயரும் பொருத்தினால், முன்புறம் உறுதியாகத் திரும்ப, பின்புறம் சறுக்கும். பின்சக்கர இயக்கக் காரில் இதைவிட ஆபத்தான கலவை வேறில்லை.

காற்றழுத்தமும் இதைப் போன்றே முக்கியமானது. இயந்திரம் பின்னால் உள்ள ஃபியட் 500 போன்ற கார்களுக்கு, முன்டயர்களில் குறைவாகவும் பின்டயர்களில் அதிகமாகவும் காற்று வைக்கும்படி தயாரிப்பாளர்கள் வரையறுத்தனர். நான்கிலும் ஒரே அளவு காற்று நிரப்புவது அந்தச் சமநிலையைக் குலைக்கிறது.

ஒரு முனையை மட்டும் மாற்றினால்

இவற்றுக்குப் பின்னரே மாற்றங்கள் பற்றிச் சிந்திக்க இடமுண்டு. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் குறுக்குத் தண்டை முன்புறம் சற்றுத் தடிப்பாக்கினால், கார் திரும்பத் தயங்கும்; ஆனால் பின்புறம் அமைதியாக இருக்கும். அதையே பின்புறம் மட்டும் செய்தால் பின்சக்கரங்கள் எளிதில் சறுக்கும். எனவே ஒரு முனையில் செய்யும் எந்த மாற்றமும் மறுமுனையின் நடத்தையையும் மாற்றுகிறது.

காரைத் தாழ்த்துவதும் இவ்வாறே. எடையின் மையம் தாழ்வது நன்மை எனினும், ஸ்பிரிங் அசைவதற்கான இடம் குறைகிறது. வேகத்தடையில் ஸ்பிரிங் முற்றிலும் அமுங்கி முட்டும்போது பிடிமானம் திடீரென அறுபடும்.

பிரேக்கில் தவறினால் விளைவு இன்னும் கடுமையானது. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முன்பே இறுகி நின்றால், கார் சுழன்றுவிடும். முன்புறம் டிஸ்க் பிரேக் பொருத்துவோர், முன்பின் பிரேக் விசையின் விகிதத்தையும் தகுந்த மெக்கானிக்கைக் கொண்டு சரிபார்க்க வேண்டியுள்ளது.

சட்டத்தின் எல்லை

இம்மாற்றங்கள் தனிப்பட்ட விருப்பத்தோடு முடிந்துவிடுவன அல்ல. இத்தாலியில் கார்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும். 1966இல் நிறுவப்பட்ட இத்தாலிய வரலாற்று வாகனக் கழகம் போன்ற அமைப்புகள் சான்றிதழ் வழங்கும்போது, கார் தனது மூல வடிவத்தில் உள்ளதா என்பதைக் கவனிக்கின்றன.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாகக் காரை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2021இல் வெளியான விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த காரைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய, அதன் சட்டகம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. தேய்ந்ததைப் புதுப்பிப்பது இந்த விதிகளோடு மோதுவதில்லை, உருமாற்றுவது மோதக்கூடும்.

மும்பையில் பத்மினி டாக்சிகளின் சேவை 2023 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. அம்பாசிடரின் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது. எஞ்சியுள்ள கார்களைப் போலவே, கிங்பின்னின் தளர்ச்சியைக் கைத்தொடுகையில் கண்டறியும் மெக்கானிக்குகளும் அருகி வருகின்றனர். அவர்களது பட்டறையில் முதலில் செலவிடப்படும் தொகை, புதிய அலங்கார உதிரிகளுக்குச் செலவிடப்படுவதைவிடக் காருக்கும் அதில் பயணம் செய்வோருக்கும் கூடுதல் பாதுகாப்பை அளிக்கும்.