கையெழுத்துக்கு முன் கேள்வி

வெளியுறவு அமைச்சரை நாடாளுமன்றம் எப்போது கேள்வி கேட்க வேண்டும்? பல நாடுகளில் அவர் வெளிநாட்டில் பேசி முடித்துத் திரும்பிய பிறகுதான் அவையில் விளக்கம் கேட்கிறார்கள். 1973-இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த டென்மார்க் இந்த வரிசையை மாற்றியது. அந்தச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) பிரஸ்ஸல்ஸில் முக்கிய முடிவு எடுக்கும் முன்பே, துறை அமைச்சர் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழு முன் வர வேண்டும். 17 பேர் கொண்ட அந்தக் குழு பெரும்பாலும் வெள்ளிக்கிழமை கூடும். தாம் எடுக்கப்போகும் நிலையை அமைச்சர் வாய்மொழியாகச் சொல்வார். உறுப்பினர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். முடிவில் குழுத் தலைவர் பார்ப்பது ஒன்றைத்தான்: எதிர்க்கும் கட்சிகளுக்கு அவையில் பெரும்பான்மை இருக்கிறதா? இல்லையென்றால் அமைச்சர் புறப்படலாம்.

கையைக் கட்டி அனுப்பினால் பேரம் எப்படிப் படியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே பெரும்பான்மை ஆதரவு தேவையில்லை. பெரும்பான்மை எதிர்க்காமல் இருந்தாலே போதும். நிலைமை மாறினால் அமைச்சர் மீண்டும் குழுவிடம் வரலாம். சிறுபான்மை அரசுகளே அதிகம் அமையும் டென்மார்க்கில் இது அரசுக்கும் பாதுகாப்பு. ஊர் திரும்பியதும் இவர் பேச்சு கவிழ்ந்துவிடாது என்று எதிரில் இருப்பவர்களுக்கும் தெரியும். முடிந்த காரியத்துக்கு விளக்கம் கேட்பதும் அவசியமே. ஆனால் முடிவைத் திருத்தும் வாய்ப்பு, முன்கூட்டிக் கேட்கும் கேள்விக்குத்தான் உண்டு.