மெஷின் வந்துச்சு... அப்புறம்?

சிங்கம்புணரின்னு சொன்னதும் சுத்துப்பட்டு ஊர்க்காரங்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு, சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில். இன்னொண்ணு, கயிறு. தென்னை மட்டையை நாராக்கி, நாரைக் கயிறாக்கிப் பிழைக்கிற ஊர்.

இந்த மாதிரி தொழில்களைத் தூக்கி நிறுத்தத்தான் 2005-ல் மத்திய அரசு 'ஸ்ஃபூர்த்தி' திட்டத்தைத் தொடங்கியது. கயிறு, கதர், கிராமத் தொழில் செய்பவர்கள் ஒரு குழுமமாகச் சேர்ந்தால் பொது வசதி மையம், மெஷின், பயிற்சி எல்லாத்துக்கும் மானியம். பின்னாளில் திருத்திய விதிப்படி, 500 கைவினைஞர்கள் வரை உள்ள குழுமத்துக்கு அதிகபட்சம் 2.5 கோடி ரூபாய். கடன் இல்லை பாஸ், மானியம்!

சிக்கலே இங்கேதான். தவணை கட்டலைன்னா பேங்க்காரர் வாசலுக்கே வந்து நிற்பார். மானியத்துக்கு அப்படி யாரும் வரமாட்டாங்க. 'யூ.சி.' எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ் மேலே போகும். எதுக்குக் கொடுத்த பணமோ அதுக்கே செலவாச்சு என்று உறுதி சொல்லும் காகிதம். ரொம்ப அவசியம்தான். ஆனா, மெஷின் வாங்கியதை அது சொல்லும். கயிறு திரிக்கிற அக்காவுக்கு அந்த மெஷினால கூலி ஏறிச்சான்னு சொல்லாது.

சரி, அக்காகிட்டேயே நேரா கேட்டுடலாமா? "ஆமா தம்பி, ஏறிச்சு" என்கிறார். உடனே 'திட்டம் மாபெரும் வெற்றி' என்று ரிப்போர்ட் எழுதினால் நீங்க அவுட்! அந்த வருஷம் நார் விலையே ஏறியிருக்கலாம். வேலைக்கு ஆள் கிடைக்காமல் முதலாளிகளே கூட்டிக் கொடுத்திருக்கலாம். மானியம் வராத இன்னொரு கயிறு ஊரிலும் அதே அளவு ஏறியிருந்தால், பெருமை திட்டத்துக்கு எப்படிப் போகும்? உல்டாவாகவும் நடக்கும். இங்கே கூலி ஒரு ரூபாய்கூட ஏறலை, ஆனா அந்த ஊரில் பாதிப் பேர் தொழிலையே விட்டுட்டாங்கன்னா, இங்கே ஏதோ காப்பாற்றியிருக்குன்னுதானே அர்த்தம்? அதனால பணம் வர்றதுக்கு முந்தைய நிலைமையும் தெரியணும், பணம் வராத ஊரின் நிலைமையும் தெரியணும்.

நம்ம மாநிலத்திலேயே இப்படிப் பார்த்திருக்காங்க. உலக வங்கி நிதியுதவியோடு தமிழக அரசு 2005-ல் ஆரம்பித்த 'புது வாழ்வு' திட்டத்தில், கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கைக்கே நிதி போனது. அதைக் கண்காணிக்க அதே ஊர்க்காரர்களின் சமூகத் தணிக்கைக் குழு. திட்டம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2013-ல், ஆய்வாளர்கள் பின்னோக்கி ஒரு மதிப்பீடு செய்தார்கள். திட்டம் வந்த பகுதிகளை, கிட்டத்தட்ட அதே நிலையில் இருந்தும் திட்டம் வராத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். அதிக வட்டிக் கடன் குறைந்திருந்தது. பிழைப்புக்கு ஒரே தொழிலை நம்பியிருப்பதும் குறைந்திருந்தது. எத்தனை குழு ஆரம்பித்தோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்று எண்ணாமல், வீட்டில் இருக்கும் கடனை எண்ணினார்கள் பாருங்க, அதுதான் மேட்டர்.

எக்கனாமிக்ஸ், சோஷியல் வொர்க் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடி அலையறீங்களா? இதோ ரெடி. ஆனா, 'திட்டம் திருப்தியா? ஆம் / இல்லை' என்று கேள்வித்தாள் அடிச்சுட்டுப் போயிடாதீங்க. போன வாரம் எத்தனை நாள் வேலை இருந்துச்சு? கையில எவ்வளவு வந்துச்சு? மெஷின் போன மாசம் எத்தனை நாள் நின்னுச்சு, ரிப்பேருக்கு யார் காசு போட்டாங்க? இப்படிக் கேளுங்க. குழுமத் தலைவரையோ ஆபீசரையோ பக்கத்தில் வச்சுக்கிட்டு கேட்டா, "எல்லாம் நல்லா இருக்கு சார்" தவிர வேற பதில் வராது.

இன்னொண்ணு, பொது மையத்தில் உட்கார்ந்திருக்கிறவங்களை மட்டும் பார்த்துட்டு பஸ் ஏறிடாதீங்க. பாதியில விட்டுட்டுப் போனவங்க வீடு எங்கேன்னு விசாரிங்க. டீக்கடையில கேட்டா சொல்லிடுவாங்க.