பாறைக் கூரையை அளக்கும் லேசர்

சுரங்கத்துக்குள் வெடி வைத்துப் புகை அடங்கியதும், முதலில் உள்ளே போகிறவர் கையில் நீளமான கடப்பாரை ஒன்று இருக்கும். தலைக்கு மேலே உள்ள பாறையை அதனால் தட்டிப் பார்ப்பார். ‘கிண்’ என்று கேட்டால் பாறை கெட்டி. ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அதை நெம்பி இறக்கிய பிறகுதான் மற்றவர்கள் வரலாம்.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலுக்குப் போன தமிழர்கள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் பாறையைப் படித்தார்கள். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் மேலிருந்து அழுத்தும் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’ எனப்பட்ட இந்த வெடிப்புகள் பல உயிர்களைப் பறித்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கவயல் மூடப்பட்டது. ஆனால், 1988-இல் அங்கே தொடங்கப்பட்ட தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம், அணைகள், சுரங்கப் பாதைகள், நிலத்தடி மின் நிலையங்கள் ஆகியவற்றின் பாறையை ஆராயும் பணியைத் தொடர்ந்து செய்துவந்தது.

ஆழம் குறைந்த சுரங்கங்களில் ஆபத்து வேறு மாதிரி வருகிறது. அங்கே பாறை புதிதாக உடைவது குறைவு. ஏற்கெனவே உள்ள பிளவுகளின் வழியாகத்தான் பெயர்ந்து விழுகிறது. இந்தப் பிளவுகள் கண்டபடி ஓடுவதில்லை. ஒரே திசையில், ஒரே சாய்வில், குடும்பம் குடும்பமாக அமைந்திருக்கும். மூன்று குடும்பங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில், பழுத்ததா என்று பார்க்கத் தர்பூசணியில் ஆப்பு வெட்டி எடுப்பதைப் போல, ஒரு துண்டுப் பாறை தனியாகப் பிரிந்து நிற்கும். கீழே தாங்குவதற்கு ஒன்றும் இல்லையென்றால் அது விழும்.

ஆகவே பிளவுகளின் சாய்வையும் திசையையும் அளந்தாக வேண்டும். 1973-இல் பாறைப் பொறியாளர் பீனியாவ்ஸ்கியும், 1974-இல் நார்வேயில் பார்ட்டனும் அவருடைய குழுவினரும் பாறைக்குத் தரம் போடும் முறைகளை வகுத்தார்கள். பீனியாவ்ஸ்கியின் முறையில் மொத்தம் 100 மதிப்பெண். பிளவுகளின் நெருக்கம், வழவழப்பு, நீர்க்கசிவு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இதற்கான அளவுகளை எடுக்கப் புவியியலாளர் திசைகாட்டியோடு பாறைக்குப் பக்கத்தில், முட்டுக் கொடுக்காத கூரைக்குக் கீழே நிற்க வேண்டியிருந்தது. கை எட்டும் உயரத்துக்கு மேல் அளக்க முடியாது. அருகில் இரும்பு இருந்தால் முள்ளும் தடுமாறும்.

நேரமும் குறைவு. வெடித்த கல்லை அள்ளி வெளியேற்றியதும், கூரை சரியாமல் இருக்க ‘ஷாட்கிரீட்’ என்னும் கான்கிரீட் கலவையைப் பீய்ச்சிப் பூசிவிடுவார்கள். பூசிவிட்டால் பாறையைப் பார்க்க முடியாது. கிடைக்கும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் லேசர் ஸ்கேனர் கைகொடுக்கிறது.

ஒளி ஒரு விநாடியின் 100 கோடியில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். லேசர் கதிர் பாறையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தால் தூரம் தெரிந்துவிடும். முக்காலியில் சுழலும் கருவி விநாடிக்குப் பல லட்சம் புள்ளிகளை இப்படி அளக்கிறது. சில பத்து மீட்டர் தூரத்தில் உள்ள பாறையைக்கூட மில்லிமீட்டர் கணக்கில் பதிவு செய்கிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துத் தளங்களாக்கி, ஒவ்வொன்றின் சாய்வையும் திசையையும் கணினி சொல்கிறது. எந்த இடத்தில் ஆப்பு பிரிகிறது, அங்கே பாறையைப் பிடித்துவைக்கும் ‘ராக் போல்ட்’ கம்பியை எத்தனை அடி நீளத்துக்கு இறக்க வேண்டும் என்று அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். சில நாள் கழித்து மறுபடி ஸ்கேன் செய்து இரண்டையும் ஒப்பிட்டால், சுவர் உள்பக்கம் நகர்ந்திருக்கிறதா, கான்கிரீட் பூச்சின் கனம் போதுமா என்பதும் தெரியும்.

நிலத்தடியில் ஜி.பி.எஸ். எட்டாது. எனவே நகரும் ஸ்கேனர், தான் பார்த்த சுவர்களை வைத்தே தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வகம், சுருள்வில்லின் மேல் ஆடும் ‘ஸெபெடி’ என்ற கைக்கருவியை உருவாக்கியது. அதே ஆய்வகத்திலிருந்து பிரிந்து 2018-இல் தொடங்கிய எமெசென்ட் நிறுவனத்தின் ‘ஹோவர்மேப்’, ட்ரோனில் ஏறி, ஆள் நுழையக் கூடாத குடைவுகளுக்குள் பறந்து வரைபடம் எடுக்கிறது. இப்படி நகர்ந்துகொண்டே எடுக்கும்போது துல்லியம் சற்றுக் குறைந்து சென்டிமீட்டர் அளவில் நிற்கும்.

லேசருக்கும் வரம்பு உண்டு. அது பார்ப்பது மேற்பரப்பை மட்டும். பாறைக்குள் விட்டுப்போன இடத்தை அதனால் கேட்க முடியாது. கடப்பாரைத் தட்டல் இன்னும் தேவை. தூசியும் நீர் வழியும் சுவரும் லேசரைக் குழப்பும். வழவழப்பான சுவரில் மெல்லிய கோடாக மட்டும் தெரியும் விரிசல் புள்ளிகளில் சிக்காது. அதற்குப் புகைப்படங்களும் வேண்டும். மீத்தேன் கசியும் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பொறி எழாதபடி பாதுகாக்கப்பட்ட மின்கருவிகளைத்தான் கொண்டுபோக முடியும்.

தமிழ்நாட்டில் லேசர் ஸ்கேனருக்கு வேலை நிறைய இருக்கிறது. ஆனைமலையில் 1987-இல் இயங்கத் தொடங்கிய 400 மெகாவாட் காடம்பாறை மின் நிலையம் மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டத்துக்கும் பாறையைக் குடைய வேண்டியிருந்தது.

பெரிய திட்டங்களுக்கு ஸ்கேனர் வாங்கப் பணம் கிடைத்துவிடும். உடுமலை, மடத்துக்குளம் வட்டாரத்தின் கிணறுகளுக்குக் கிடைக்காது. அங்கே கொமரலிங்கத்தில் அமராவதி ஆறு பாயும் வயலைத் தாண்டி மேட்டாங்காட்டுக்குப் போனால், பாசனம் கிணற்றை நம்பித்தான். கெட்டியான பாறையில் வேட்டு வைத்து இறக்கிய கிணறுகள் இவை. ஆழப்படுத்தவோ தூர்வாரவோ இறங்குகிறவருக்குத் தலைக்கு மேலே நாலு பக்கமும் முட்டில்லாத சுவர். பாறை பெயர்ந்தால் ஒதுங்க இடமில்லை.

இதற்கு விலை உயர்ந்த ஸ்கேனர் வேண்டியதில்லை. கயிற்றில் இறக்கிய கேமராவோ சிறிய ட்ரோனோ பல கோணங்களில் எடுக்கும் படங்களைச் சேர்த்தே கிணற்றுச் சுவரின் முப்பரிமாண வரைபடத்தைக் கணினியில் உருவாக்கலாம். வேளாண் பொறியியல் துறையும் கோவை, திருப்பூர் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து இந்தச் சேவையைத் தொடங்க வேண்டும். கிணறு வைத்திருப்பவர்களும் ஆளை இறக்குவதற்கு முன்னால் சுவரைப் படமெடுத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும்.